யார் நெல் தின்ற கௌதாரி

என் சகலையின் பங்குக்கு வந்தது கள்ளிக்காடு, என் பங்குக்கு வந்தது நஞ்சை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் நான் பட்ட வயிற்றெரிச்சலைப் படிக்கிறவர்கள், ஐயோ பாவம், இந்த மனுஷனுக்கு என்னவோ அநியாயம் நடந்திருக்கிறது என்று இரக்கப்பட்டுவிடுவார்கள். அநியாயம் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் மாமனார், பாகூர் பக்கத்தில் இருந்த தன் நிலத்துக்கு நடுவே ஒரு வரப்பைப் போட்டு, மேட்டுப் பக்கத்தைப் பெரிய பெண்ணுக்கும் பள்ளத்துப் பக்கத்தைச் சின்னப் பெண்ணுக்கும் எழுதிவைத்தார். பள்ளத்தில் ஏரித் தண்ணீர் தானாக வந்து நிற்கும். மேட்டில் ஏறாது. மேட்டில் பாதி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடலாம். மீதி காரைச்செடி, சூரைமுள், சப்பாத்திக்கள்ளி, வரப்போரமாக ஒரு புங்கமரம். சின்னப் பெண்ணைக் கட்டியவன் நான்.

வரப்பில் நின்று சகலையைக் கேலி பேசுவது அந்த நாளில் எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

“இன்னா சகல, இந்த வருசம் கள்ளி நல்லா வெளஞ்சிருக்குது. அறுப்பு எப்ப?”

“ஒனக்குத்தான் மொத மூட்ட,” என்பார் அவர், சிரித்துக்கொண்டே. அவருக்குக் கோபமே வராது. கேலி பேசுகிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கள்ளிக்காடு நிஜமாகவே விளைந்துவிட்டது.

பாண்டியிலிருந்து ஒரு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்றுதான் சொல்வோம். இவர் சைகோன் வரைக்கும் போய்வந்தவர். ஓட்டிவந்தது மிதித்துக் கிளப்பும் மொபிலெட் வண்டி, தலையில் தொப்பி, முதுகில் கித்தான் உறைக்குள் இரட்டைக் குழல் துப்பாக்கி, முன்னால் தொங்கும் பையில் முழங்கை நீளத்துக்கு ரொட்டி. குருவிநத்தத்துக்கு யாரையோ பார்க்கப் போய்க்கொண்டிருந்தவர், கள்ளிக்குள்ளே கௌதாரி கத்துவதைக் கேட்டு வண்டியை நிறுத்திவிட்டார்.

கௌதாரி மும்மூன்று தட்டாகக் கத்தும். தொடங்கினால் நிறுத்தாது. வருஷக்கணக்கில் என் காதிலும் விழுந்த சத்தம்தான். நான் அதைச் சத்தம் என்றே எண்ணியதில்லை. அன்றைக்குப் பிறகு அது ‘சகல, சகல, சகல’ என்று எனக்குக் கேட்க ஆரம்பித்ததற்கு அந்தப் பறவை பொறுப்பில்லை.

“இந்தக் கள்ளிக்காடு யாருது?” என்று சொல்தா என்னைக் கேட்டார். நானேதான் கையை நீட்டிச் சகலையைக் காட்டினேன். அந்தக் கையைப் பல நாள் திட்டியிருக்கிறேன்.

சொல்தா தொப்பியைக் கழற்றிக்கொண்டு சகலையிடம் போனார். “முசியே, நெலத்துக்காரரு உத்தரவு குடுத்தாதான் நான் உள்ள கால வெப்பேன். ரெண்டு கௌதாரி சுட்டுக்கலாமா?”

சகலையிடம் அதுவரை யாரும் எதற்கும் உத்தரவு கேட்டதில்லை. அவர் வீட்டுப் பூனைகூடக் கேட்காது.  மனிதர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, ஜமீன் ஒன்றைத் தாரை வார்ப்பவர்போல, “சுட்டுக்குங்க,” என்றார். வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி ஒன்று வந்தது. புங்கமரத்தடியில் அதை விரித்தார்கள். சொல்தா இரண்டு கௌதாரியைச் சுட்டுவிட்டு வந்து அதில் உட்கார்ந்து, “மெர்சி,” என்றார். பிரெஞ்சில் நன்றி என்று அர்த்தமாம்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, சொல்தா மரியாதையான வேட்டைக்காரர். உட்கார்ந்திருக்கிற பறவையைச் சுட மாட்டார். ஓடுகிறதைச் சுட மாட்டார். புதரில் கல் எறிந்து, அது சிறகடித்து மேலே எழும்பினால்தான் துப்பாக்கியைத் தூக்குவார். குஞ்சு பொரிக்கிற மாதங்களில் துப்பாக்கி வெளியே வராது. இரண்டு கிடைத்தால் போதும், மூன்றாவது எழும்பினாலும் வேடிக்கை பார்ப்பார். ஒன்று நிலத்துக்காரருக்கு, ஒன்று அவருக்கு. ஆனால் அவருடையதும் சகலை வீட்டுச் சட்டியில்தான் வெந்தது. ஆக, ஞாயிறு காலை வரப்புக்கு அந்தப் பக்கம் வெடிச் சத்தம்; பிறகு சிரிப்பு; அப்புறம் மிளகும் சோம்பும் வறுபடும் வாசனை. இந்தப் பக்கம் நான்.

சகலை மாறிக்கொண்டே வந்தார். பாண்டி பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டரிடம் “மெர்சி” என்றாராம். கண்டக்டர், “சில்லற இல்லப்பா,” என்றானாம். ஊரில் எல்லோரும் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த வார்த்தையை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானும் கண்டக்டரிடம் சொல்லியிருப்பேன்.

என் மனைவியின் அக்காள், அதாவது சகலையின் மனைவி, தங்கை வீட்டுக்கு ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்புவாள். குழம்புதான். நான் விரலை விட்டுத் துழாவுவேன்.

“இன்னாங்க, கெணத்துல தூரு வார்ற மாதிரி தேடறீங்க?” என்றாள் என் மனைவி.

“ஒரு எலும்பாவது போடக் கூடாதா உங்கக்கா?”

“நாலு பேரு சாப்புட்ற எடத்துல ரெண்டு குருவி. அதுல உங்குளுக்கு எலும்பு வேற.”

“கௌதாரிடி. குருவி இல்ல.”

“எதுவா இருந்தா இன்னா? அந்தச் சொல்தா நம்ம நெலத்துக்கு வரலன்னு தான உங்குளுக்கு வயிறு எரியுது? நம்ம நெலத்துல இன்னா கீது சுட? நண்டா?”

அவள் சொன்னது முழுக்கச் சரி. எனக்குக் கௌதாரி வேண்டியதில்லை. வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சொல்தா தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் உத்தரவு கேட்க வேண்டும், என் நிலத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், எனக்கு ஒரு மெர்சி சொல்ல வேண்டும். இதைச் சகலை வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி முக்கியம்.

முதலில் நான் தர்ம வழியில் முயன்றேன். வாயில்லா ஜீவனைச் சுடுவது பாவம் என்று பேசத் தொடங்கினேன். டீக்கடையில் பேசினேன், களத்தில் பேசினேன், வீட்டில் சாப்பிடும்போது பேசினேன்.

“அதுவும் ஒரு உசுரு தான? அது பாட்டுக்கு மேஞ்சிகிட்டு இருக்குது. மறைஞ்சி நின்னு சுடறது மனுசன் செய்யற வேலையா?”

“பேசிகிட்டே எல்லா வஞ்சிர மீனையும் தின்னுட்டீங்க,” என்றாள் மனைவி. “எனக்கு ஒரு துண்டாவது வெச்சிருக்கலாம்.”

தர்மம் எடுபடாததால் சட்டத்துக்குப் போனேன். பறவை, மிருகங்களைக் காப்பாற்றப் புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ரைட்டரிடம் விசாரித்தேன்.

“ஒருத்தரு நெலத்துல இன்னொருத்தரு கௌதாரி சுடலாங்களா?”

“துப்பாக்கிக்கு லைசன்ஸ் இருக்கணும். வேட்டைக்கு வேற லைசன்ஸ். குஞ்சு பொரிக்கற காலத்துல கூடாது. அடுத்தவன் நெலம்னா நெலத்துக்காரன் சம்மதிக்கணும்.”

“நெலம் அவருதுன்னா, அதுல இருக்கற கௌதாரியும் அவருதுதானுங்களே?”

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஏன்யா, பட்டாவுல கௌதாரின்னு போட்டிருக்குதா? நெலம் அவன் பேர்ல. பட்சி அவன் பேர்ல இல்ல. நீ யாரு, பக்கத்து நெலமா?”

“ஆமாங்க.”

“பங்காளியா?”

“சகலைங்க.”

“அப்பிடிச் சொல்லு,” என்று ரைட்டர் பின்னால் சாய்ந்துகொண்டார். பாதி கேஸ் முடிந்துவிட்டது போன்ற நிம்மதி அவர் முகத்தில். “சுடறவருகிட்ட வேட்ட லைசன்ஸ் இருக்குதா?”

“தெரிலைங்க.”

“எழுதிக் குடு. வர்ற ஞாயித்துக்கெழம நானே வந்து கேக்கறேன். நீ தின்னியா அந்தக் கறிய?”

“கொழம்பு மட்டுந்தாங்க.”

“அதுவும் சாட்சிதான்.”

எழுதிக்கொடுக்கிறேன் என்று வாய்வரை வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரைட்டர் வந்து கேட்டால் சொல்தா வருவதை நிறுத்திவிடுவார். சகலைக்கு ஞாயிறு போய்விடும், சரி. எனக்கு எங்கிருந்து வரும்? பொறாமைப்படுகிறவன் அடுத்தவன் வீட்டு விளக்கை அணைக்கத்தான் பார்ப்பான் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி இல்லை. அந்த விளக்கு எரியட்டும். என் வீட்டு மாடத்துக்கு வந்து எரியட்டும்.

“சும்மா தெரிஞ்சிக்கலாம்னு கேட்டேங்க,” என்றேன்.

“சகலைங்க யாரும் சும்மா கேக்க மாட்டாங்க. போயிட்டு வா,” என்றார் ரைட்டர்.

தை அறுப்பு முடிந்து என் வயல் தாளோடு காய்ந்து கிடந்த நேரம். ஒரு ஞாயிறு, சுடப்பட்ட கௌதாரி ஒன்று அந்தரத்தில் இரண்டு கரணம் போட்டு, வரப்பைத் தாண்டி, என் தாளில் வந்து விழுந்தது. நான் ஓடிப்போய் அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு ஓடிய வேகத்தில் நான் பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மரம் யாருடையதாக இருந்தாலும் சரி, வரப்பு தாண்டி விழுந்த மாங்காயும் பனம்பழமும் விழுந்த நிலத்துக்காரனுக்கு. அதற்காக யாரும் சண்டை போட மாட்டார்கள். அதை நான் எடுத்துச் சொன்னேன்.

“சகல, அது மாங்கா. இது கௌதாரி,” என்றார் அவர். “என் பொதர்ல பொறந்தது. என் நெலத்துக் கறையான தின்னு வளந்தது.”

“என் வயல்ல நெல்லு பொறுக்கித் தின்னுது. நான் தெனம் பாக்கறேன்.”

“சுட்டவன் நானு,” என்று சொல்தா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நாங்கள் இருவரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சகலைகளுக்கு நடுவில் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கெல்லாம் மரியாதை கிடையாது.

கடைசியில் சகலைதான் வழி சொன்னார். “சரி, எதுக்கு வாய்ச்சண்ட? இரைப்பையத் தொறந்து பாத்துடுவோம். யாரு தீனிய நெறைய தின்னுச்சோ, கௌதாரி அவங்குளுது.”

சொல்தா பேனாக்கத்தியை எடுத்தார். இரைப்பையைக் கீறி, ஒரு புரசு இலையில் உதறினார். மூன்று தலைகளும் குனிந்தன. கறையான், புல்விதை, மல்லாட்டைப் பருப்பில் ஒரு நசுங்கிய பாதி, என் வயலின் மொத்தை நெல் கொஞ்சம். சொல்தா குச்சியால் அதை இரண்டு கும்பலாகத் தள்ளினார். சகலையின் கும்பல் கொஞ்சம் பெரியது.

“மல்லாட்டைய நீ போட்ட, ஒத்துக்கறேன். புல்லு வெதய நீயா வெதச்ச?” என்றேன்.

“என் நெலத்துப் புல்லு.”

“கறையானுக்குப் பட்டா இருக்குதா?” ரைட்டர் சொன்னதை நான் வீணாக்கவில்லை.

சொல்தா விழுந்து விழுந்து சிரித்தார். சைகோனில்கூட இப்படி ஒரு கோர்ட்டைப் பார்த்ததில்லை என்றார். பறவை சகலைக்குப் போயிற்று. ஆனால் அன்றிலிருந்து என் வயலில் விழும் கௌதாரிக்கெல்லாம் இரைப்பைப் பஞ்சாயத்து நடந்தது. பெண்கள் இரண்டு பேரும் அரிவாள்மணையோடு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அக்காளும் தங்கையும் ஒரே இலையைப் பார்த்துக்கொண்டு, “இது உங்க நெல்லுதான்டி,” “இல்லக்கா, இது பதுரு,” என்று விட்டுக்கொடுத்துப் பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘பதர்’ என்று சொன்னவள் என் மனைவி.

நெல் போதவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்? போட வேண்டும். ஒரு தகர டப்பாவில் நெல்லை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் வரப்போரமாகத் தூவினேன். டப்பாவைத் தட்டித் தட்டித் தூவுவது என் பழக்கம். வீட்டுக் கோழிக்கும் அப்படித்தான் தூவுவேன். அடுத்த ஞாயிறு இலையில் பாதிக்குமேல் நெல். அதற்கடுத்த ஞாயிறு முழுக்க நெல். கௌதாரி என் வீட்டுச் சட்டிக்கு வந்தது.

வந்ததே தவிர, சொல்தா வரவில்லை. பறவையை வரப்புக்கு மேலே நீட்டிக் கொடுத்துவிட்டு அவர் திரும்பிப் போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நான் என் வீட்டில் கௌதாரி எலும்பைக் கடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்துச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் அன்றைக்கு ரொட்டியைக் கத்தரிக்காய்க் குழம்பில் தொட்டுத் தின்றார்களாம். அதற்கே அவ்வளவு சிரிப்பு.

விழுந்த பறவை போதாது, எழும்பும் பறவை என் நிலத்தில் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வருஷம் உளுந்து தூவ வேண்டிய ஒரு மூலையைச் சும்மா விட்டேன். முள் வெட்டிவந்து அங்கங்கே புதர்போலக் குவித்தேன். உடைந்த பானை ஓட்டில் தண்ணீர் வைத்தேன். காலையும் மாலையும் டப்பா.

“உங்கம்மாவுக்கு நீங்க இப்பிடிச் சோறு போட்டு நான் பாத்ததில்ல,” என்றாள் மனைவி.

“வேட்டைக்கு ஏற்பாடுடி. உனக்குப் புரியாது.”

“எனக்கு எதுக்குப் புரியணும்? என் வெத நெல்லு மூட்டைல கைய வெச்சீங்கன்னா மட்டும் தெரியும் சேதி.”

நான் வைத்திருந்தேன்.

ஒன்று இரண்டாகக் கௌதாரிகள் கள்ளிக்காட்டை விட்டு என் பக்கம் குடிவந்தன. பிறகு குடும்பம் குடும்பமாக வந்தன. விடிந்தால் என் மூலையிலிருந்துதான் கத்தல். சகலை வரப்பில் நின்று காது கொடுத்துக் கேட்பார். நான் பார்க்காததுபோல் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பேன். ஆயுசிலேயே மண்வெட்டியை அவ்வளவு சுத்தமாக நான் கழுவியதில்லை.

பாண்டிக்குப் போய் நாற்காலி வாங்கினேன். மடக்கு நாற்காலி இல்லை. கை வைத்த மர நாற்காலி. பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியபோது, “வூட்ல கல்யாணமா?” என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

அந்த ஞாயிறு வந்தது. சொல்தா சகலையின் கள்ளிக்காட்டில் காலையெல்லாம் கல்லெறிந்து பார்த்தார். ஒன்றும் எழும்பவில்லை. என் மூலையிலிருந்து கத்தல் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரப்புக்கு வந்தார். நான் எத்தனையோ தடவை மனதுக்குள் நடத்திப் பார்த்த காட்சி. சகலையும் வந்து நின்றார், நான் கேட்டுக்கொண்ட மாதிரியே.

“முசியே, உங்க உத்தரவு வேணும்.”

“தாராளமா வாங்க,” என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

சொல்தா உள்ளே வந்தார். முள் குவியலின்மேல் கல்லை எறிந்தார். உள்ளேயிருந்து ஆறேழு கௌதாரிகள் வெளியே வந்தன. வந்தவை எழும்பவில்லை. கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தன. பிறகு நேராக எங்களை நோக்கி ஓடிவந்தன.

சொல்தா துப்பாக்கியை இறக்கிக்கொண்டு இன்னொரு கல்லைத் தரையில் எறிந்தார். அது ‘டக்’ என்று பானை ஓட்டில் பட்டது. டப்பா சத்தம் என்று நினைத்தனவோ என்னவோ, மிச்சமிருந்த கௌதாரிகளும் புதரை விட்டு ஓடிவந்தன. ஒன்று சொல்தாவின் பூட்ஸைக் கொத்திப் பார்த்தது. நான் கையைத் தட்டி, “ஹூய், ஹூய், பற!” என்று விரட்டினேன். என் குரலைக் கேட்டதும் கூட்டம் மொத்தமும் என் காலைச் சுற்றி நின்றுகொண்டு, தலையைச் சாய்த்து, என் கையைப் பார்த்தது.

சொல்தா துப்பாக்கியைத் திறந்து இரண்டு தோட்டாவையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“முசியே,” என்றார் சொல்தா, “தீனி போடறீங்களா?”

“கொஞ்சூண்டு.”

“இத நான் சுட முடியாது.”

“ஏன்? துப்பாக்கி இருக்குது, நெலத்துக்காரன் நான் சம்மதிக்கறேன். சட்டப்படி எல்லாம் சரி.”

“சட்டம் சரிதான். பொதர்ல இருக்கறதுக்கு என்னப் பாத்தா பயம். பயந்து ஓடும், பறக்கும், தப்பிக்கும். பாதி நாளு நான்தான் தோப்பேன். இதுங்க உங்கள நம்பி வருது. கூப்புட்டு ஒக்கார வெச்சி எல போட்டுட்டுச் சுடச் சொல்றீங்க. வேணும்னா நீங்களே கழுத்தத் திருகிக் கொழம்பு வெச்சிக்குங்க. அதுக்குத் துப்பாக்கி எதுக்கு?”

“சகல,” என்றார் சகலை வரப்பிலிருந்து, “பேரு வெச்சிட்டியா எல்லாத்துக்கும்?”

அவர் இத்தனை வருஷத்தில் என்னைத் திருப்பிச் சொன்ன முதல் கேலி அது. பொறுமையாகக் காத்திருந்து நல்ல சமயத்தில் சொன்னார்.

சொல்தா துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு வரப்பைத் தாண்டிப் போனார். கை வைத்த நாற்காலியை அவர் கவனிக்கக்கூட இல்லை. ஒரு கௌதாரி அதன்மேல் ஏறி நின்றது.

ரோஷத்தில் அன்று மத்தியானமே ஒன்றைப் பிடித்தேன். பிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை, அது ஓடவே இல்லை. மனைவியிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

“தெனம் என் கொலுசு சத்தத்துக்கு ஓடியார்றத நான் அரியணுமா? கொண்டும்போயி வுட்டுட்டு வாங்க.”

“நம்ம வூட்டுக் கோழியுந்தான் ஓடியாருது. அத அரியல நீ?”

“அது கோழி.”

“இது?”

அவள் யோசித்தாள். “இது நீங்க பொறாமையில வளத்தது. தின்னா செரிக்காது,” என்றாள்.

கோழிக்கும் கௌதாரிக்கும் நடுவில் நியாயம் எந்த இடத்தில் கோடு போடுகிறது என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். நம்பி வருவதைக் கொல்லக் கூடாது என்றால் கோழிக்கறியே கிடையாது. பயந்து ஓடுவதைக் கொல்லலாம் என்றால் அது என்ன நியாயம்? ரைட்டரிடம் கேட்கலாம் என்றால், அவர் என் உறவு முறையைத்தான் முதலில் கேட்பார். அன்றைக்குக் கையில் இருந்ததைக் கொண்டுபோய் விட்டேன். அது இரண்டடி போய்த் திரும்பி நின்று, நெல் எங்கே என்பதுபோலப் பார்த்தது.

கொஞ்ச காலத்தில் கெடுபிடி அதிகமாயிற்று. ரைட்டர் யாரையெல்லாமோ கூப்பிட்டு லைசன்ஸைக் காட்டச் சொன்னார். சொல்தா துப்பாக்கியைப் பாண்டி வீட்டிலேயே வைத்துவிட்டார். அப்பாடா, இனி அந்த மனிதர் எதற்கு வரப்போகிறார், சகலைக்கும் இல்லை எனக்கும் இல்லை, கணக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். எனக்கு நல்ல தூக்கம்கூட வந்தது.

அடுத்த ஞாயிறு மொபிலெட் சத்தம் கேட்டது.

துப்பாக்கி இல்லை. ரொட்டி இருந்தது. மடக்கு நாற்காலி விரிந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். சைகோன், மழை, மூட்டுவலி. சகலைக்குக் கேட்கத் தெரியும். எதைச் சொன்னாலும் “அப்பறம்?” என்பார். சொல்தா அந்த ‘அப்பறம்’ ஒன்றுக்காகத்தான் பாண்டியிலிருந்து அவ்வளவு தூரம் வந்துகொண்டிருந்தார் போலும். நானோ அவருக்கு ஒரு மூலை நிறையக் கௌதாரி வளர்த்து வைத்திருந்தேன்.

“நீங்களும் போயி ஒக்காருங்களேன். யாரு வாணான்னது?” என்றாள் மனைவி.

“கூப்புடாம போவ நான் இன்னா கௌதாரியா?”

அன்று சாயங்காலம் அவர்களே வரப்புக்கு வந்தார்கள். சொல்தா தொப்பியைக் கழற்றினார்.

“முசியே, கௌதாரிங்க எர எடுக்கறத கொஞ்சம் பாத்துக்கலாமா? உங்க உத்தரவு இருந்தா.”

நான் டப்பாவை எடுத்துவந்து தட்டினேன். குஞ்சும் குட்டியுமாக ஓடிவந்தன. சொல்தா சிரித்தார். சகலையும் சிரித்தார். நான் டப்பாவைக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன். கைப்பிடி நாற்காலியை ஓடிப்போய்க் கொண்டுவந்து, துண்டால் துடைத்து, என் பக்கத்தில் போட்டேன்.

சொல்தா ஒரு நிமிஷம் அதில் உட்கார்ந்தார். மேற்கு வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. எழுந்தார். நாற்காலியைத் தானே தூக்கி, வரப்புக்கு அந்தப் பக்கம், புங்கமர நிழலில் போட்டு, என் வயலைப் பார்த்தமாதிரி உட்கார்ந்துகொண்டார்.

“மெர்சி,” என்றார் அங்கிருந்து, என்னைப் பார்த்து.

மெர்சி எனக்குத்தான். அதில் சந்தேகமில்லை. பறவை என்னுடையது, நெல் என்னுடையது, நாற்காலியும் என் காசு. நிழல் மட்டும் சகலையுடையது.

மறுநாள் காலையில் ஒரு பூவரசம் போத்தை வெட்டிவந்து வரப்புக்கு இந்தப் பக்கம் நட்டேன். நெல் விளைகிற இடத்தில் மரம் வைக்கிற மடையனை ஊரே பார்த்தது.

“இது நெழலு தர்றதுக்குள்ள சொல்தா இருப்பாரா?” என்று கேட்டாள் மனைவி.

“இருப்பாரு. பென்ஷன் வாங்கறவங்க அவ்ளோ சீக்கிரம் போவ மாட்டாங்க.”

தினமும் ஒரு குடம் ஊற்றினேன். துளிர்விட்ட அன்றைக்கே சகலையின் வெள்ளாடு வரப்பைத் தாண்டி வந்து, இருந்த துளிரையெல்லாம் தின்றுவிட்டு, என் முகத்தைப் பார்த்து அசைபோட்டது.

சகலையைக் கூப்பிட்டேன். “இது வயித்துல இருக்கறது என் துளுரு. பழைய வழக்கப்படி தொறந்து பாத்துடுவோம்,” என்றேன்.

சகலை ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, வரப்புக்கு அந்தப் பக்கம் இழுத்தபடியே சொன்னார்: “அது கௌதாரிக்கு மட்டுந்தான் சகல.”